சம்சாரியைக் கடலுக்கு அனுப்பியவள்

1

போன வாரம் நூறு பேர் முன்னால் எழுந்து நின்று ஒரு பொய் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இங்கே யாரிடமும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். வரைபடத்தில் பெயர் போடாமல் விட்டாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கடல்தான் பிழைப்பு. பாறையில் வளரும் கடல்பாசியை அறுத்து, உலர்த்தி, பயிருக்கு உரமாக்கி விற்கிற ஆலை ஒன்று உண்டு. அதன் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே, பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள் நான். கல்யாணம் ஆகும்வரை கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனபோது. அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பாசியில் உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். இதைக் கேட்டு எங்கள் ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை.

போன வாரம் ஊர்க் கூடத்தில் அரசாங்க ஆட்கள் கூட்டம் போட்டார்கள். இந்தக் கரையோரத்தின் கடல் தொழில்களை வளர்க்கப் புதிய மானியம் வருகிறதாம். சிப்பி வளர்ப்பவர், பாசி அறுப்பவர், படகு கட்டுபவர் எல்லாரும் மனுப் போடலாம். திரையில் நீல எழுத்து, நீலப் படங்கள், வெளியே ரோட்டோரம் அழுக்கான பனி. எங்கள் மேலாளருக்கு வாய் சும்மா இருக்காது. "இவளுடைய தம்பியும் இந்தியாவில் அரசாங்க உதவியோடு பாசி வளர்க்கிறார்" என்று என்னைக் காட்டிவிட்டார். ஒரு காலத்தில் நானே பெருமையடித்து வைத்திருந்த விஷயம்தான்.

"அவர் மீனவரா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை, சம்சாரி" என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் பக்கம் விவசாயிக்கு அதுதான் பெயர். அவர் விழித்ததும், விவசாயி என்று ஆங்கிலத்தில் திருத்தினேன்.

"கடலுக்குப் போன விவசாயி! தொழில் எப்படிப் போகிறது?"

"ரொம்ப நன்றாகப் போகிறது" என்றேன். அப்போதுதான் கை தட்டினார்கள்.

2

என் தம்பி பெயர் சூசை. என்னைவிட ஆறு வயது சின்னவன். அப்பா போன பிறகு எங்கள் காட்டை அவன்தான் பார்த்தான். மானாவாரிக் காடு, கிணறு கிடையாது, மழைதான் எல்லாம். புரட்டாசியில் மழை விழுந்தால் உளுந்து, மக்காச்சோளம். விழாவிட்டால் வேலிக்கருவை முள்தான். விளைந்ததைக் காட்டுப்பன்றி தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு.

மழை இல்லாத வருடங்களில் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனி ஒன்றுக்கு லோடு ஆட்டோ ஓட்டப் போவான். அங்கே தையல் மிஷினில் இருந்தவள் ரெஜினா. வேம்பாருக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர்க்காரி. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முகத்தைத் தூக்கி வைத்து, கடைசியில் மாதா கோயில் சாமியார் வந்து பேசி முடித்துவைத்த கல்யாணம். நான் இங்கிருந்து வீடியோவில் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து நெட் போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரை வேண்டுமானாலும் வையலாம், மழையை வையக் கூடாது. வெளியே காயப்போட்ட மிளகாய் வற்றல் முழுக்க நனைந்து நாசமானாலும் "நல்லா பெய்யட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் அள்ள வேண்டும். சின்ன வயதில் ஒரு நாள் "சனியன் மழை" என்று சொல்லி அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன். ரெஜினாவுக்கு இது வந்த புதிதில் வேடிக்கையாக இருந்ததாம். அவர்கள் ஊரில் மழை என்றால் கருவாடு கெட்டுப்போகும், மீன்பிடி வள்ளம் கடலுக்குப் போகாது.

3

மூன்று வருடம் முன்னால், தொடர்ந்து இரண்டு புரட்டாசி பொய்த்துப்போன சமயம். நம் கரையிலும் கடல்பாசி வளர்ப்புக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று படித்தேன். மூங்கிலில் சதுரமாக மிதவை கட்டி, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து கடலில் மிதக்கவிட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுவடை. தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரம் வேண்டாம், பன்றி வராது. பதினான்கு வருடமாகப் பாசியோடு புழங்குகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஞானம் வந்தவள் மாதிரி போனை எடுத்தேன்.

ரெஜினாதான் முதலில் எடுத்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"மதினி, அது எங்க ஊரு. எனக்குத் தெரியும். ஒங்க தம்பி கடலுக்குச் சரிப்பட மாட்டாவ."

"நீ சொல்லிக் குடு. ஒனக்குத்தான் தெரியும்லா."

"கடலச் சொல்லியா குடுக்க முடியும்? நானே அங்கன வேண்டாம்னுதான இங்கன வந்தேன்."

நான் விடவில்லை. புள்ளிவிவரம் சொன்னேன், ஏற்றுமதி சொன்னேன், அவர்கள் மகளின் படிப்பைச் சொன்னேன். படித்த நாத்தனார், வெளிநாட்டுக்காரி. அவள் எவ்வளவுதான் எதிர்த்துப் பேசுவாள்? கடைசியில் "ஒங்க தம்பிட்டயே கேளுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

சூசையிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. நான் சொன்னால் அவன் கேட்பான், சின்ன வயதிலிருந்தே அப்படி. இரண்டு பேர் பெயரிலும் மனுவை இங்கிருந்தே நான்தான் நிரப்பினேன், ஆங்கிலம் எனக்குத்தானே வரும். கடற்கரை ஊரில் குடியிருக்க வேண்டும் என்று விதி. அதனால் ரேஷன் கார்டை அங்கே மாற்றச் சொன்னேன். ஆதாரில் விலாசம் மாற்ற இ-சேவை மையத்துக்கு நாலு நடை, வி.ஏ.ஓ.விடம் இருப்பிடச் சான்றுக்கு ஆறு நடை. ஒரு தாளில் அவன் பெயருக்கு முன்னால் இன்ஷியல் இருந்தது, இன்னொன்றில் பின்னால். அதற்கு ஒரு மாதம். இவ்வளவும் முடிந்து, தொழில் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"மீன்வளம் சார்ந்த தொழில்னு போடுதேன்" என்றேன்.

"அக்கா, சம்சாரின்னு போட முடியாதா?"

"போட்டா மானியம் வராதுலே."

"சரி, போடு. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அந்தக் குரல் இப்போதும் காதில் நிற்கிறது. குறை சொல்கிற குரல் இல்லை. பஸ்ஸில் சீட்டை யாருக்கோ விட்டுக்கொடுத்து எழுந்து நிற்கிறவனுடைய குரல்.

4

போனார்கள். காட்டை விற்கவில்லை, சும்மா போட்டுவிட்டுப் போனார்கள். ரெஜினாவின் அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. எட்டுப் பெண்கள் சேர்ந்த குழுவில் ரெஜினாவும் ஒருத்தி. மிதவை கட்ட மூங்கில், கயிறு, விதைப்பாசி எல்லாவற்றுக்கும் அரசாங்கம் கை கொடுத்தது. அதைக் குறையே சொல்ல மாட்டேன். பயிற்சி கொடுத்தார்கள், அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், முதல் அறுவடைக்கு வியாபாரியையும் கூட்டிவந்தார்கள்.

சூசைக்குக் கடல் பிடிபடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டான். மிதவைகளைக் காட்டில் பாத்தி எண்ணுகிற மாதிரி கிழக்கிலிருந்து எண்ணுவானாம். குழுப் பெண்கள் சிரித்து அவனுக்கு 'காட்டு அண்ணாச்சி' என்று பெயர் வைத்தார்கள். அவனும் சிரித்தான். முதல் அறுவடையை வெயிலில் பரப்பி வீடியோ எடுத்து அனுப்பினான். அதை ஆலையில் எல்லோருக்கும் காட்டினேன். மேலாளருக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

ஒரே ஒரு தடவை மட்டும் போனில் கேட்டான்.

"அக்கா, இங்கன எல்லாரும் மழை வந்துரக் கூடாதுன்னு வேண்டுதாவ. கோயில்லயே வேண்டுதாவக்கா. நான் மட்டும் எந்திரிச்சி வெளிய வந்துட்டேன்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

5

பாசிக்கு மழை ஆகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், பரிசோதனைக் குழாயில் வைத்தே காட்டுவேன். உப்பு குறைந்தால் பாசி முதலில் வெளுக்கும், பிறகு தண்டு அழுகி ஒடிந்துவிடும். அதனால் புரட்டாசி பிறந்ததும், அடுத்த பருவத்துக்கு விதையாக வைத்திருக்கும் பாசியை மிதவையோடு இழுத்துப்போய், ஓடைத் தண்ணீர் வந்து கலக்காத இடத்தில் கட்ட வேண்டும். வள்ளத்தில் கட்டி இழுக்கிற வேலை. எட்டுப் பேருடைய விதையையும் அந்த வருடம் சூசையிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். பொறுப்பான ஆள் என்று பேர் வாங்கியிருந்தான்.

போன வருடம் புரட்டாசியில் ஒரு விடிகாலை மேற்கே மின்னியது. பசுவந்தனைப் பக்கம் நல்ல மழை என்று ஊரிலிருந்து யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். பல வருடம் கழித்து விழுந்த மழை. கரிசலில் அந்த ஈரம் சில நாள்தான் நிற்கும். அதற்குள் விதைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த வருடம் இல்லை. பிறந்ததிலிருந்து இந்த ஒரு சேதிக்காகக் காத்திருந்து பழகிய உடம்பு அவனுடையது.

ரெஜினா எழுந்து பார்த்தபோது ஆள் இல்லை. போன் போட்டிருக்கிறாள்.

"எங்க இருக்கீய?"

"பஸ்ல. காடு நனைஞ்சிட்டு ரெஜினா. விதைச்சிட்டு நாளைக்கு வந்துருதேன்."

"மிதவைய யாரு இழுக்கது?"

"நாளைக்கு வந்து இழுத்துக் கட்டிருதேன். இங்கன இன்னும் ஒரு சொட்டு விழலல்லா."

ரெஜினா அண்ணனைத் தேடி ஓடினாள். வள்ளங்கள் எல்லாம் ஏற்கெனவே கடலுக்குள். அன்று மதியம் மழை கரைக்கு வந்தது. ஓடை நிறைந்து, செம்மண் நிறத்தில் தண்ணீர் நேராக மிதவைகளுக்குள் போய்க் கலந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது, பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் சூசை திரும்பி வந்தபோது காலில் கரிசல் மண் அப்படியே இருந்ததாம். முகத்தில் சந்தோஷம். "நல்ல மழை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்திருக்கிறான்.

கடற்கரையில் குழுப் பெண்கள் வெளுத்து ஒழுகுகிற பாசியைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெஜினாவைத்தான் சொன்னார்கள், அவள்தானே அந்த ஊர்ப் பெண். "ஒன் மாப்பிள்ளைக்கு அவிய காடுதான் பெருசு, எங்க வயிறு இல்ல" என்றாள் ஒருத்தி, சின்ன வயதில் ரெஜினாவோடு கோயிலில் முதல் நற்கருணை வாங்கியவள். அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ரெஜினா வாய்விட்டாள். "சனியன் புடிச்ச மழை. எங்க குடியக் கெடுத்த மழை. இது நாசமாப் போக."

சூசை அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "மழைய வையாத ரெஜினா" என்று இரண்டு தடவை சொன்னானாம். அவள் மூன்றாம் தடவையும் வைதாள். அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறிவிட்டான்.

விதைத்தானே, அது என்னவாயிற்று என்று கேட்பீர்கள். உளுந்து முளைத்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் மழை இல்லை. முளைத்ததெல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்தது.

6

இப்போது அவன் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறான், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவளும் மகளும் கடற்கரையில். குழுவுக்கு விதைப்பாசி ஈடுகட்டும்வரை ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறாள். ரோஷக்காரி. கருவாடு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலைக்குப் போகிறாள். கரிசலுக்கும் கடலுக்கும் பஸ்ஸில் சில மணி நேரம்தான். நான் இருக்கிற தூரத்தை நினைத்தால் அது ஒரு தூரமே இல்லை. இருந்தும் ஒருவரை ஒருவர் போய்ப் பார்க்கவில்லை.

சூசை என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். "நல்லாருக்கேன்க்கா. அத்தான் நல்லாருக்காவளா?" அவ்வளவுதான். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "நீ என்னக்கா சொல்லுத?" என்று கேட்பான். இப்போது எதையும் என்னிடம் கேட்பதில்லை.

கூட்டம் முடிந்து வந்த அன்று இங்கே மழை. என் மகனுக்குப் பதினாறு வயது. சன்னலைப் பார்த்து "ச்சே, கேவலமான மழை" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் கத்திய கத்தலில் பயந்துபோனான்.

"அம்மா, அது வெறும் வெதர்மா" என்றான்.

அவனுக்கு மாமா கதையைச் சொல்லலாம் என்று தொடங்கினேன். காடு என்றதும் மரங்கள் அடர்ந்த காட்டை நினைத்துக்கொண்டான். வயல் என்றேன், அதில் தண்ணீர் நிற்குமா என்றான். மழைக்காக ஒரு மனிதன் பெண்டாட்டியை விட்டு வருவானா என்று கேட்டான். எல்லாவற்றையும் விளக்கினால் என்னைப் பற்றியும் விளக்க வேண்டியிருக்கும். அதனால் பாதியில் நிறுத்தி, சாப்பிடக் கூப்பிட்டேன்.

எனக்குத் தெரியாமல் செய்த தப்பு என்று தப்பித்துக்கொள்ள வழி இல்லை. மழையில் பாசி கெடும் என்று தெரியும். மழைக்கு என் தம்பி என்ன செய்வான் என்றும் தெரியும், நானும் அதே வீட்டுப் பிள்ளைதானே. இரண்டும் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். எந்த அதிகாரிக்கும் அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. அவர்கள் கட்டம் போட்டார்கள், நான்தான் நிரப்பினேன்.

7

நேற்று ரெஜினா ஒரு படம் அனுப்பினாள். கடல், மூங்கில் மிதவை, திட்டத்தின் பெயர் எழுதிய பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் சூசை. இளைத்திருக்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

சேர்ந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆலையில் வேலையைப் போட்டுவிட்டு, கோட்டுகூட மாட்டாமல் வெளியே வந்து போன் போட்டேன்.

"ஏட்டி ரெஜினா, எப்பம் வந்தான்? இனிமே அங்கதானா?"

"இல்ல மதினி. கெட்டுப்போன விதைக்குப் பதிலா அரசாங்கத்துல மறுபடி குடுக்காவ. மனு ரெண்டு பேர் பேர்ல இருக்குலா. ரெண்டு பேரும் மிதவகிட்ட நிக்க மாதிரி போட்டோ வேணும்னாவ. அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"சிரிச்சிட்டு நிக்கியளே."

"ஆபீசர் சிரிக்கச் சொன்னாரு மதினி. பக்கத்துல வாங்கன்னும் சொன்னாரு. நடுவுல பலகை இருக்கு சார்னு சொல்லிட்டேன்."

"சாப்பிட்டானா?"

"நண்டுக் கொழம்பு வச்சிருந்தேன். இருங்கன்னேன். பஸ்சுக்கு நேரமாயிட்டுன்னு சொல்லிட்டாவ. பிள்ளதான் கையப் புடிச்சிக்கிட்டு ரோடு வரைக்கும் போயிட்டு வந்தா."

காற்று அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "நான்தான் ஒங்க குடும்பத்தக் கெடுத்தேன். நீ அன்னைக்கே சொன்ன. என்னைய ரெண்டு வார்த்த வைஞ்சிரு ரெஜினா."

"நீங்க நல்லதுக்குத்தான மதினி சொன்னீய" என்றாள். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்பம் அந்த மனுவ ஒன் பேர்ல மட்டும் மாத்திரலாமா? நான் எழுதிக் குடுக்கேன். அவன அலைய வைக்க வேண்டாம்லா."

"ஆபீசரும் அதத்தான் கேட்டாரு. பிரிஞ்சி இருக்கீங்களா, அவர் பேர எடுத்திரவான்னாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன் மதினி. அதுலயாவது ஒண்ணா இருப்போம்."